மைக்கில் சொன்னது

எங்கள் டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதைதான் ஏறும். சாதாரண நாளில் "வாங்கண்ணே, உக்காருங்க" என்பவர், கோபம் வந்துவிட்டால் "வாங்க சார்" என்பார். முற்றிப்போனால் "தலைவரே" என்பார். அந்தச் சொல் அவர் வாயில் வந்துவிட்டால் வகுப்பில் இருக்கிற அத்தனை பேரும் தரையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம்.

பேர் சகாயராணி. நாற்பதைத் தாண்டியிருந்தால் அதிசயம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சைக்கிள் கடை மாடியில் ஒரே ஒரு அறை. பகலில் திக்கிப் பேசுகிற பிள்ளைகளுக்கும், உதடு பிளந்து தையல் போட்ட பிள்ளைகளுக்கும் பேச்சுப் பழக்குவார். சாயங்காலமானால் எங்களைப் போல மேடையேறுகிறவர்கள் வருவோம். எல்லாக் கட்சிக்காரனும் வருவான். நான் பஸ் கண்டக்டர், சங்கக் கூட்டத்தில் பேசுகிறவன்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. பேச நிற்கிறவருக்கு எதிரே ஒரு மர நாற்காலி காலியாகக் கிடக்கும். யாரைத் திட்டப் போகிறோமோ அந்த ஆள் அதில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பேச வேண்டும். முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாததை மைக்கிலும் சொல்லக்கூடாது. எங்கள் டெப்போ மேனேஜரை நான் எத்தனையோ நாள் அதில் உட்காரவைத்துப் பேசியிருக்கிறேன். பேசப் பேசப் பாதி வசவு தானாக உதிர்ந்துவிடும். மிச்சம் நிற்பதுதான் விஷயம்.

பூவலிங்கம் அண்ணன்தான் எங்களில் மூத்த மாணவர். டீச்சரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். பிறக்கும்போதே மேலுதடு பிளந்து பிறந்தவர். யாரோ கண்டபடி தைத்துவிட்டதில் உதடு மூக்கோடு இழுத்துக்கொண்டே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பேர் கிழிவாய். ரேஷன் கடையில் எடை போட்ட காலத்திலும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவார். வகுப்புக்கும் முதல் நாள் அப்படித்தான் வந்தாராம்.

டீச்சர் அந்தத் துண்டை வாங்கி ஜன்னல் கம்பியில் போட்டார்.

"இப்பப் பேரைச் சொல்லுங்கண்ணே."

அன்றைக்குச் சொன்னது பேர் மட்டும்தான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மனிதர் அழுது தீர்த்துவிட்டார் என்று கேள்வி.

அதற்குப் பிறகு யாராலும் அவரை நிறுத்த முடியவில்லை. கட்சிக் கூட்டம் எங்கே நடந்தாலும் பூவலிங்கம் பேச வேண்டும் என்றார்கள். மேடையேறியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பார். "வந்திருக்கிறது உங்க கிழிவாய்! ஆண்டவன் என் உதட்டைக் கிழிச்சு அனுப்பினதே, இவனுங்களைக் கிழி கிழின்னு கிழிக்கத்தான்!" கைதட்டல் அடங்க நேரமாகும். அந்த வசனம் டீச்சர் சொல்லிக்கொடுத்தது இல்லை. முதல் தடவை கேட்டபோது அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். ஆனால் ஜெயிக்கிற குதிரையிடம் யார் என்ன சொல்ல முடியும்?

இந்தத் தடவை வார்டு கவுன்சிலர் சீட்டே பூவலிங்கத்துக்குக் கிடைத்தது. எதிர்த்து நின்றவர் கனகசுந்தரம், ஏற்கெனவே கவுன்சிலராக இருந்தவர். அவர் காலத்தில் எங்கள் வார்டில் ஒரு தண்ணீர் டேங்க் கட்டினார்கள். இன்றுவரை அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. வெள்ளையடிப்பதைக்கூடப் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள். கேட்பதற்கு நியாயமான கேள்வி கையில் இருந்தது. அந்தக் கேள்வியைப் பூவலிங்கம் எதில் கொண்டுபோய்ச் சேர்த்தார் தெரியுமா? கனகசுந்தரத்துக்கு முகத்திலும் கையிலும் வெண்புள்ளி உண்டு. அதில் சேர்த்தார்.

"டேங்குக்குப் பாதி வெள்ளையடிச்சாரு. மிச்சத்தை மூஞ்சியில அடிச்சுக்கிட்டாரு. இவரு கவுன்சிலர் இல்லய்யா, பாதி வெள்ளை!"

அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. அதைப் பதிவு செய்து ஆட்டோவில் குழாய் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகப் போட்டார்கள். காலையில் பல் தேய்க்கும்போது பாதி வெள்ளை, சாயங்காலம் விளக்கு வைக்கும்போது பாதி வெள்ளை. டீக்கடையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தவன் ஒருத்தனாவது டேங்கில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்டானா? கேட்கவில்லை.

பிரச்சாரம் சூடு பிடித்ததும் பூவலிங்கம் வகுப்புப் பக்கமே வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் படி அதிர ஏறி வந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. உட்காரக்கூட இல்லை, நின்றபடியே கொட்டினார்.

மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் அவருடைய பிரச்சார ஜீப் நின்றிருக்கிறது. ஆட்கள் மாலை போட்டுக்கொண்டிருந்தபோது, நாலாம் வகுப்புப் பெண் ஒன்று கேட் மேல் ஏறி நின்று, அவரைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கத்தியிருக்கிறது. கூட்டம் சிரித்திருக்கிறது. சொந்தக் கட்சிக்காரனே சிரித்திருக்கிறான். எவனோ செல்போனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டான். பூவலிங்கம் நேராக ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடக் கமிட்டியில் அவரும் ஒரு மெம்பர். திங்கட்கிழமை அந்தப் பெண்ணுக்கு டி.சி. கொடுத்து அனுப்பியாக வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஹெட்மாஸ்டரும் தலையாட்டியிருக்கிறார், அந்த ஆளுக்கு முதுகெலும்பு என்று ஒன்று இருந்ததே கிடையாது.

"சுண்டைக்கா பிள்ளை டீச்சர். பொதுவாழ்க்கையில இருக்கிறவனை நடுரோட்டுல நிக்கவச்சு அசிங்கப்படுத்தலாமா? இப்பவே கண்டிக்கலைன்னா நாளைக்கு அது என்னவா வளரும்? நீங்களே சொல்லுங்க."

டீச்சர் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"என்ன சொல்லிச்சு?"

பூவலிங்கம் மாடிப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன வார்த்தைண்ணே அது?"

"அது என் வாயால வராது டீச்சர்."

"கிழிவாயா?"

பூவலிங்கம் ஓர் அடி முன்னால் வந்தார். வேறு யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பார்.

"தினம் மேடையில நீங்களே சொல்லி, கைதட்டு வாங்குற வார்த்தைதானே?"

"நான் சொல்றது வேற."

டீச்சர் அந்தப் பிள்ளையின் பேரைக் கேட்டார். யாரோ சங்கவியாம் என்றார் பூவலிங்கம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சங்கவியை எனக்குத் தெரியும். அதன் அம்மா தினமும் என் பஸ்ஸில்தான் மில் வேலைக்குப் போகிறார். ஒரு மாதமாக அந்த அம்மா முகத்தில் சிரிப்பே கிடையாது. ஏன் என்று ஒரு நாள் கேட்டதற்கு எல்லாவற்றையும் சொல்லி அழுதார். வாயை மூடிக்கொண்டிருக்க முடியாமல் அதை அப்படியே அந்த இடத்தில் சொன்னேன்.

அந்தப் பெண் எந்தக் கட்சிக்காரன் வீட்டுப் பிள்ளையும் இல்லை. கனகசுந்தரத்துக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதற்கும் கண்ணைச் சுற்றி வெண்புள்ளி, விரல் கணுக்களில் வெண்புள்ளி. அதுவரை ஒருத்தரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இந்த ஆட்டோ சுற்ற ஆரம்பித்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் அதற்குச் சங்கவி என்ற பேரே போய்விட்டது. ஆட்டோ வாசலைக் கடக்கும்போதெல்லாம் வகுப்பே ஒலிபெருக்கியோடு சேர்ந்துகொண்டு, அதைப் பார்த்துப் பாதி வெள்ளை என்று கத்துகிறதாம். பிள்ளை சோற்றுப் பாத்திரத்தோடு பாத்ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறதாம்.

சொல்லி முடித்தபோது என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. பூவலிங்கம் கொஞ்சம் ஆடிப்போனார். ஆனால் மேடைப் பேச்சாளர் அல்லவா, அடுத்த நிமிடமே நிமிர்ந்துவிட்டார்.

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? நான் சொன்னது கனகசுந்தரத்தை. உங்க சட்டப்படி அந்த ஆளை மனசுக்குள்ள இந்த நாற்காலியில உக்காரவச்சுப் பேசிப் பாத்துட்டுத்தான் டீச்சர் மேடையிலயே சொன்னேன். அவன் தாங்குவான். அரசியல்வாதி. நான் முறை தப்பல."

டீச்சர் அந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"உக்காருங்க, தலைவரே."

நாங்கள் தரையைப் பார்த்தோம். பூவலிங்கம் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். டீச்சர் பேசுகிறவர் நிற்கிற இடத்தில் போய் நின்றார். புடவைத் தலைப்பை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார், பூவலிங்கம் துண்டை உதறுகிற அதே மாதிரி.

"வந்திருக்கிறது உங்க கிழிவாய்! ஆண்டவன் இவரு உதட்டைக் கிழிச்சு அனுப்பினதே, இவனுங்களைக் கிழி கிழின்னு கிழிக்கத்தான்!"

கைதட்டலுக்காகப் பூவலிங்கம் எங்கே நிறுத்துவாரோ அங்கே நிறுத்தினார். யாரும் தட்டவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். அதே ஏற்றம், அதே இறக்கம். சைக்கிள் கடைக்காரர் கீழே பெல் அடித்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. மூன்றாவது தடவை ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க டீச்சர்."

"உங்க வசனம்தான். 'என்'ங்கிறதை மட்டும்தான் மாத்தியிருக்கேன்."

"போதும், நிறுத்துங்க."

"நீங்க தாங்கணுமே. அரசியல்வாதி."

அப்போதுதான் பார்த்தேன். பூவலிங்கத்தின் கை அவரை அறியாமலேயே தோளுக்குப் போயிருந்தது. துண்டு வாய்க்கு வந்திருந்தது. ரேஷன் கடையில் பொத்திக்கொண்டிருந்த மாதிரியே பொத்திக்கொண்டிருந்தார்.

டீச்சரும் அதைப் பார்த்தார். அவர் குரல் இன்னும் இறங்கியது.

"உங்ககிட்டத் துண்டு இருக்கு, தலைவரே. அந்தப் பிள்ளைக்குக் கண்ணைச் சுத்தியில்ல இருக்கு. அது எதை வச்சு மூடும்?"

பூவலிங்கம் எழுந்து போய்விட்டார். செருப்பை மாட்டக்கூட இல்லை, கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அவர் போனதும் டீச்சர் அந்த மர நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய் மாடிப்படிக்கு வெளியே போட்டார். நாங்கள் பிடிக்கப் போனோம், விடவில்லை. "ஒருத்தர் மட்டும் உக்கார்ற நாற்காலியை வச்சு இத்தனை வருஷம் ஊரே கேக்குற மைக்குல பேசப் பழக்கியிருக்கேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று தன்னையே திட்டிக்கொண்டார். பகலில் பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலி ஒன்றை எடுத்து வந்து அந்த இடத்தில் வைத்தார். இனிமேல் யாரைத் திட்டினாலும் இதைப் பார்த்துத்தான் என்றார்.

திங்கட்கிழமை சாயங்காலம் பூவலிங்கம் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை முகம் தெளிந்திருந்தது. நல்ல காரியம் செய்துவிட்டு வந்தவருடைய முகம். சனிக்கிழமையே ஹெட்மாஸ்டரைப் பார்த்து டி.சி. வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, தனியாக நடந்து அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய், குனிந்து அதன் காதில் மன்னிப்பும் கேட்டுவிட்டாராம். அல்வாப் பொட்டலம் வேறு கொடுத்திருக்கிறார்.

"ஆனா இன்னைக்கு அது ஸ்கூலுக்கு வரல டீச்சர். அவங்கம்மா எவ்வளவோ கெஞ்சிப் பாத்தாங்களாம். போகவே மாட்டேன்னு கதவுக்குப் பின்னாடி நிக்குதாம். டி.சி.யும் இல்லன்னாச்சு, மன்னிப்பும் கேட்டாச்சு. இன்னும் நான் என்ன பண்ணணும்?"

"மன்னிப்புக் கேட்டப்போ யார் யார் இருந்தாங்க?"

"யாரும் இல்ல. அம்மாவும் பிள்ளையும்தான். தேர்தல் நேரம் பாருங்க, நாலு பேருக்குத் தெரிஞ்சா வேற மாதிரி ஆயிடும்னுதான்..."

அவர் முடிப்பதற்குள் கீழே ரோட்டில் ஆட்டோ வந்தது. ஜன்னல் வழியாகப் பூவலிங்கத்தின் குரலே மேலே ஏறி வந்தது. டேங்குக்குப் பாதி வெள்ளையடித்ததைச் சொன்னது, மிச்சத்தை மூஞ்சியில் அடித்ததைச் சொன்னது, பேரைச் சொல்லிச் சிரித்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பித் தேய்ந்து மறைகிறவரை டீச்சர் காத்திருந்தார்.

"கேலி மைக்குல. மன்னிப்பு மட்டும் காதுலயா, தலைவரே?"

பூவலிங்கம் ஜன்னலையே பார்த்தார். அப்புறம் கெஞ்சுகிற மாதிரி பேசினார். நாளைக்குத்தான் கடைசிக் கூட்டம். ஜெயிக்கிற நிலைமையில் இருக்கிறார். அந்த நிலைமைக்குக் கொண்டுவந்ததே பாதி வெள்ளை என்கிற பேர்தான் என்று கட்சிச் செயலாளர் சொல்லியிருக்கிறார். ஆயுசுக்கும் எடை போட்டே காலத்தைக் கழித்த மனிதனுக்கு இது ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. அதைச் சொன்னபோது அவர் குரல் உடைந்ததைப் பொய் என்று சொல்லமாட்டேன்.

"அந்தப் பேரை எடுத்துட்டா என் கையில வேற என்ன டீச்சர் இருக்கு?"

"ஒண்ணுமில்லாதவர் எதுக்கு ஓட்டுக் கேக்குறீங்க?"

சொல்லிவிட்டு அந்தக் குட்டி நாற்காலியைக் காட்டினார். நாளைக்கு என்ன சொல்லப் போகிறாரோ அதை இதைப் பார்த்துச் சொல்லிப் பழகிவிட்டுப் போகச் சொன்னார். பூவலிங்கம் அதன் எதிரே போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். நாங்கள் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக இறங்கி வந்துவிட்டோம்.

மறுநாள் சந்தைத் திடலில் நல்ல கூட்டம். எனக்கு அந்த மனிதர் மேல் நம்பிக்கையே இல்லை. எப்படியும் மழுப்பிவிட்டு இறங்கிவிடுவார் என்றுதான் போய் நின்றேன். மேடையேறினார். பையன்கள் விசிலடித்து அந்தப் பேரைச் சொல்லச் சொல்லிக் கத்தினார்கள். துண்டை எடுத்தார், உதறவில்லை. மடித்து மேஜை மேல் வைத்தார்.

"ஒரு மாசமா ஒரு பேரை உங்க வாயில போட்டது நான். ஒருத்தர் தோல்ல வெண்புள்ளி இருக்கிறது கேலி பண்ற விஷயம் இல்ல. நான் பண்ணேன். தப்பு. சின்னப் பிள்ளைங்க யாராவது யாரையாவது அப்படிக் கூப்பிட்டிருந்தா, அது என்கிட்ட கத்துக்கிட்டது. நான் விட்டுட்டேன், நீங்களும் விட்டுருங்க."

திடலில் சத்தம் அப்படியே நின்றது. பிறகு எவனோ கெக்கலித்தான். இறங்குய்யா என்று ஒருத்தன் கத்தினான். கட்சிச் செயலாளர் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது கீழே நின்ற எனக்கே தெரிந்தது. பூவலிங்கம் டேங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஏன் தண்ணீர் ஏறவில்லை, குழாய் எங்கே விட்டுப்போயிருக்கிறது, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று சொல்லப் பார்த்தார். விஷயத்தைப் பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. திக்கினார், தண்ணீர் குடித்தார், மறுபடி திக்கினார். முன்வரிசை எழுந்தது. அதைப் பார்த்துப் பின்வரிசையும் எழுந்தது. இத்தனை நாள் வயிறு குலுங்கச் சிரித்த ஜனம், தங்கள் தெருத் தண்ணீரைப் பற்றிக் கேட்கப் பொறுமை இல்லாமல் வேட்டியைத் தட்டிக்கொண்டு போனது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒருத்தன் சட்டையையாவது பிடித்திருப்பேன். மேடையிலிருந்து இறங்கிய பூவலிங்கம் நேராகப் பிரச்சார ஆட்டோவுக்குப் போய், பாட்டுப் பெட்டியிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை சாயங்காலம் வகுப்புக்கு வந்தார். தொண்டை கட்டியிருந்தது. நாற்காலி எதுவும் தேடாமல் தரையில் உட்கார்ந்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதாகச் செயலாளர் திட்டினாராம். காலையில் பூவலிங்கமே தனியாகப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றிருக்கிறார்.

"வந்துச்சா?" என்றார் டீச்சர்.

"வந்துச்சு டீச்சர். அவங்கம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு வந்துச்சு. கேட்டுல நின்ன பசங்க ஒண்ணும் சொல்லல. ஒருத்தன் வாயெடுத்தான், பக்கத்துல நின்னவன் அவனைத் தட்டிட்டான்."

"சரி."

"என்னைப் பாத்துச்சு டீச்சர். நல்லாப் பாத்துச்சு. சிரிக்கல, ஒரு வார்த்தை பேசல. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உள்ள போயிடுச்சு. தேர்தலையே தூக்கிப் போட்டுட்டு வந்து நிக்கிறேன். இத்தனை செஞ்சும்..."

கண் நிறைந்துவிட்டது. துண்டு தோளில்தான் கிடந்தது, அதை எடுக்கவில்லை.

டீச்சர் ஜன்னலை மூடிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். திரும்பியபோது கோபம் இன்னும் முகத்தில்தான் இருந்தது.

"பிள்ளை ஸ்கூலுக்குப் போயிருச்சுல்ல?"

"போயிருச்சு."

"அப்புறம் என்ன? இதுக்கும் கை தட்டணுமாண்ணே?"